நாலடிக்கு அப்பால்

புதுச்சேரி,
8 ஜூலை 2024

அன்புத் தங்கச்சி செல்வாம்பாளுக்கு,

அண்ணன் கன்னியப்பன் எழுதறது. இங்கே நானும் உன் அண்ணி நிர்மலாதேவியும் நல்லா இருக்கோம். துலூஸ்ல நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே? மாப்பிள்ளையோட இடுப்பு வலி தேவலையா?

வழக்கமா உனக்கு வீட்ல உக்காந்துதான் எழுதுவேன். தம்பி தணிகாசலம் பக்கத்துலயே நிப்பான், எழுதினதை அவனுக்கு வாசிச்சுக் காட்டணும். இது கடையில உக்காந்து எழுதறது. போன்ல பேசலாம்னா வந்து காதை ஒட்டிக்கறான். அதனால பதிலைக் கடை விலாசத்துக்கே போடு.

சுத்தி வளைக்காம சொல்லிடறேன். அவன் மாறிட்டான். முதலியார்பேட்டை வீட்ல குழந்தை மாதிரி ஓடியாடித் திரிஞ்சவன், உழவர்கரைக்குக் குடிவந்த இந்த மூணு வருஷத்துல மாடிப்படியில உக்காந்து உக்காந்து இறங்கறான். ஐம்பத்து மூணு வயசுல என்ன விளையாட்டு? தோளைத் தொட்டா கையை வீசறான். போன மாசம் பேரன் மேல மோதி, கையில இருந்த காப்பியைக் குழந்தை கால்ல கொட்டிட்டான். கொப்புளம் ஆறிடுச்சு. மருமக சுமலதாவுக்கு பயம் ஆறல. அவளைக் குத்தம் சொல்ல முடியாது.

கடையிலயும் இதே பாடுதான். நம்ம தையல் சாமான் கடையில முப்பது வருஷமா பட்டன் பிரிக்கிறது அவன் வேலை. நாலு துளை, ரெண்டு துளை, சட்டை பட்டன், கோட்டு பட்டன்னு ஒரு மூட்டையைக் கொட்டினா சாயந்திரத்துக்குள்ள தனித்தனி டப்பாவுல இருக்கும். ஒண்ணு தப்பாது. இந்த வருஷம் டெய்லர் ஜெயத்துக்குப் போன பாக்கெட்டுல கருப்பும் மெரூனும் கலந்து கிடந்திருக்கு. அவளும் அவசரத்துல கவனிக்காம நாப்பது ஸ்கூல் சட்டையில தைச்சுட்டா. "இன்னாண்ணே, உங்க தம்பி பட்டன் போடச் சொன்னா கோலம் போட்டு அனுப்பறாரு?"ன்னு பத்து பேரு எதிர்ல கேட்டா. அவன் வேணும்னே பண்றான் செல்வா. ரெண்டு வார்த்தை கடிஞ்சு பேசினேன்.

காலாப்பட்டு தாண்டி இவனை மாதிரி மனசு வளராதவங்களை வச்சுப் பார்த்துக்கற ஒரு இல்லம் இருக்கு. போய்ப் பார்த்தேன். சுத்தமா வச்சிருக்காங்க, கடல் காத்து வருது. தை மாசம் வரைக்கும் ஒரு இடம் நிறுத்தி வைக்கறேன்னாங்க. கூடப் பிறந்தவங்க எல்லாரும் சம்மதம்னு கையெழுத்துப் போடணுமாம். படிவம் இதோட இருக்கு. போட்டு அனுப்பு.

அம்மாவுக்கு நான் கொடுத்த வாக்கு ஞாபகம் இருக்கு. நீ ஞாபகப்படுத்த வேணாம்.

உன் அண்ணன்,
கன்னியப்பன்

துலூஸ்,
19 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணா, அண்ணி, என் செல்லம் தணிகா மூணு பேருக்கும்,

செல்வா எழுதறேன். இங்கே ரெண்டு பேரும் சுகம். அவருக்கு இடுப்பு பரவாயில்ல, வாய்தான் குறையல. நீங்க எல்லாரும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பா இருக்கீங்களா?

தணிகா, தபால்காரர் இதை உன் கையிலதானே கொடுத்தாரு? மோந்து பாரு. லாவண்டர் சோப்போட ஒரு ராத்திரி வச்சிருந்துதான் உறையை ஒட்டினேன்.

நேத்து இங்கே எங்கியோ ஒரு சங்கு ஊதிச்சு. நம்ம மில் சங்கு மாதிரியே. உடனே நீயும் நானும் அப்பாவுக்குச் சோத்துக் கூடை தூக்கிட்டுப் போனது ஞாபகம் வந்துடுச்சு. கேட்டுக்கு வெளியே நிப்போம். நூறு பேரு நீலச் சட்டையில வருவாங்க. நான் அப்பாவைப் பார்த்ததும் ஓடுவேன். நீ ஒரு நாளும் ஓடினதில்ல. இடத்தை விட்டு அசைய மாட்ட. அப்பா உன்கிட்ட வந்து குனிஞ்சு, அவர் மேல இருக்கற பஞ்சு வாசனை வந்த பிறகுதான் கையை நீட்டுவ. "எம் மவன் ராஜா, நான்தான் அவனைத் தேடிப் போவணும்"னு அப்பா சிரிப்பாரு.

அண்ணா, சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். அவன் படி இறங்கும்போது காலால தடவிப் பார்க்கறானா? டிவிக்கு எவ்வளவு கிட்ட உக்காருறான்? தட்டுல மிச்சம் வச்சா எந்தப் பக்கத்துல வைக்கறான்?

தணிகாவுக்கு ஆயிரம் முத்தம்.

செல்வா

புதுச்சேரி,
9 செப்டம்பர் 2024

தங்கச்சி செல்வாவுக்கு,

எல்லாரும் இருக்கோம். நீயும் நல்லா இரு.

கடைக்குப் போடச் சொன்ன கடிதத்தை வீட்டுக்குப் போட்டிருக்க. படிவத்தைப் பத்தி அதுல ஒரு வரி கிடையாது. நீ தெரிஞ்சுதான் பண்ணியிருக்க. நானும் வியாபாரிதான், எனக்குப் புரியாதா? நாலு தடவை வாசிக்க வச்சான். அந்த உறை இப்ப அவன் தலையணைக்கு அடியில கிடக்கு.

அங்கே உக்காந்துகிட்டு மில்லுச் சங்கை நினைச்சுக்கறது சுலபம். எனக்கும்தான் எல்லாம் ஞாபகம் இருக்கு. ஞாயித்துக்கிழமை சந்தையில காந்தி வீதி ஓரமா சாக்கை விரிச்சு நான் பட்டன் வித்தப்போ, சாக்கோட ஒரு மூலையில கல்லுக்குப் பதிலா அவன்தானே உக்காந்திருப்பான். காத்துக்கு சாக்கு பறக்காது. அவன் இருந்தா ராசின்னு சொல்லுவேன். ஆனா இன்னிக்குக் கீழே கொட்டினதைத் துடைக்கிறது உன் அண்ணி. அவளுக்கு முட்டி மடங்கல.

நீ கேட்டதுக்குப் பதில்: காலால தடவறான். டிவியில மூக்கு ஒட்டுது. தட்டுல வலது பக்கம் அப்படியே கிடக்குது. சின்ன வயசுலேர்ந்தே டிவியை அப்படித்தான் பார்ப்பான், உனக்குத் தெரியாதா? இதெல்லாம் எதுக்குக் கேக்கற?

இன்னொரு படிவம் வச்சிருக்கேன்.

கன்னியப்பன்

துலூஸ்,
4 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இதைக் கடைக்குத்தான் அனுப்பறேன். ரெண்டு மாசம் எழுதாததுக்குத் திட்டிக்கோ. உடம்புக்கு ஒண்ணுமில்ல. நாலு தடவை எழுதிக் கிழிச்சேன்.

நான் வேலை பார்க்கிற விடுதியைப் பத்தி உனக்குத் தெரியும். தணிகா மாதிரி இருபத்தெட்டு பேரு. அதுல பெர்னார்னு ஒருத்தர். திடீர்னு எல்லாரையும் அடிக்க ஆரம்பிச்சாரு, நடக்க மாட்டேன்னாரு, தட்டுல பாதிச் சோறு வச்சாரு. குணம் கெட்டுப்போச்சுன்னு நாங்க பேசிக்கிட்டோம். வருஷத்துக்கு ஒரு தடவை இங்கே எல்லாருக்கும் கண்ணு பார்ப்பாங்க. பார்த்தா ஒரு கண்ணுல முழுசா புரை. அந்தப் பக்கமா யார் வந்தாலும் திடீர்னு ஒரு கை முளைக்கற மாதிரி இருந்திருக்கும் அவருக்கு. வேற என்ன பண்ணுவாரு, அடிச்சாரு.

இவங்க "எனக்குத் தெரியல"ன்னு சொல்ல மாட்டாங்க அண்ணா. எல்லாருக்கும் உலகம் இப்படித்தான்னு நினைச்சுக்குவாங்க. பதினஞ்சு வருஷமா ஊரான் பிள்ளைங்க கையைப் பிடிச்சு கண்ணு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். நம்ம வீட்டுப் பிள்ளையை ஒரு நாளும் நினைச்சுப் பார்க்கல.

ஒரே அளவு, ஒரே துளையில கருப்பும் மெரூனும் கலந்து அவன் முன்னாடி வை. பக்கத்துல உக்காந்து பாரு.

கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லல. படிவம் பத்திரமா இருக்கு. முதல்ல கண்ணைக் காட்டு.

அன்புடன்,
செல்வா

புதுச்சேரி,
25 நவம்பர் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். நீங்க ரெண்டு பேரும் குளிருக்குப் பத்திரமா இருங்க.

உன் கடிதம் வந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. கண்ணு தெரியாதவன் முப்பது வருஷமா பட்டன் பிரிப்பானான்னு உன் அண்ணிகிட்ட கத்தினேன். அவ சொன்னா: "கத்தறதுக்கு ஆவுற நேரத்துல வச்சுப் பார்த்துடலாமே."

வச்சேன். கருப்பு இருபது, மெரூன் இருபது. ஒரு நிமிஷம்கூட ஆகல. விரலால ஒவ்வொண்ணா உருட்டினான், நாப்பதையும் ஒரே டப்பாவுல போட்டான். டப்பாவைத் தூக்கிக் காட்டி, "ண்ணா, முடிஞ்சுது"ன்னு சிரிச்சான். அடுத்து கருப்பும் வெள்ளையும் வச்சேன். ஒவ்வொண்ணா எடுத்து இடது கண்ணோட இமையில படற மாதிரி வச்சுப் பார்த்துப் பிரிச்சான். அரை மணி நேரம் ஆச்சு.

இத்தனை வருஷமும் விரலாலதான் பிரிச்சிருக்கான். முன்னெல்லாம் கலர் ஒவ்வொண்ணும் தனிப் பாக்கெட்டுல வரும். கலந்து கிடக்கறது அளவும் துளையும்தான். இந்த வருஷம்தான் மலிவா வருதுன்னு மிச்ச சரக்கை மூட்டையா எடுத்தேன். அதுல கலரும் கலந்து வந்தது. தப்பு என்னோட கொள்முதல்ல.

இன்னொண்ணு. ஜெயம் வந்துட்டுப் போன அன்னிக்கு கடிஞ்சு பேசினேன்னு எழுதினேன் இல்ல? பேசல. அடிச்சேன். கன்னத்துல. அவன் என்னைப் பார்த்து அழல. எதிர்ல இருந்த சுவரைப் பார்த்து "யாரு?"ன்னு கேட்டான். நடிக்கறான்னு நினைச்சு மறுபடியும் ஓங்கினேன். கடையில இருந்தவங்க பிடிச்சுக்கிட்டாங்க.

டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்.

கன்னியப்பன்

துலூஸ்,
20 டிசம்பர் 2024

அண்ணா,

இங்கே பனி. நாங்க நலம். பொங்கலுக்கு எல்லாருக்கும் வாழ்த்து.

உன் கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். மூணாவது தடவை முடியல.

போற இடத்துல "எழுத்து படிக்கத் தெரியாதவருக்கு எப்படிப் பார்க்கறது"ன்னு திருப்பி அனுப்பினா விட்டுடாதே. படம் காட்டிப் பார்க்கலாம். அவன் ஒண்ணும் பேசாட்டியும் கண்ணுக்குள்ள வெளிச்சம் அடிச்சே பவர் கண்டுபிடிக்கலாம். தெரிஞ்சவங்க பண்ணுவாங்க.

அவனோட கன்னத்தை ஒரு தடவை தடவிக் கொடு. ஏன்னு சொல்ல வேணாம்.

செல்வா

புதுச்சேரி,
27 ஜனவரி 2025

அன்புத் தங்கச்சி செல்வாவுக்கு,

பொங்கல் நல்லபடியா முடிஞ்சுது. உன் வாழ்த்தை வாசிச்சுக் காட்டினேன்.

நீ சொன்ன மாதிரியேதான் ஆச்சு. முதல்ல போன இடத்துல ஒரு ஆளு, "எழுத்து படிப்பாரா?"ன்னு கேட்டாரு. "படிக்க மாட்டான்." "அப்ப எப்படி சார் டெஸ்ட் பண்றது? வயசானா இவங்க இப்படித்தான் ஆவாங்க." எனக்கு வந்ததே பாரு. "தம்பி, என் கடைக்கு வாய் பேச முடியாதவர் வந்தாலும் எந்த ஜிப்பு வேணும்னு கண்டுபிடிச்சுத்தான் அனுப்பறேன். இவ்வளவு மெஷினை வச்சுக்கிட்டு உங்களால முடியலையா?"ன்னு கேட்டுட்டு இறங்கிட்டேன். தணிகா என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு, "ண்ணா, சண்டை போடாதே"ங்கறான்.

அப்புறம் இங்கே உழவர்கரையிலயே சிறப்புப் பள்ளிக்கூடம் ஒண்ணுல கண் முகாம். சிந்துஜான்னு ஒரு பொண்ணு, நம்ம வீட்டுப் பிள்ளைங்க வயசு. நாற்காலியில உக்காரச் சொன்னா இவன் தரையில உக்காந்துட்டான். அவளும் தரையில உக்காந்தா. வீடு, ஆப்பிள், வட்டம்னு படம் போட்ட அட்டை கொண்டு வந்திருந்தா. இவன் தொடல. "அவருக்கு என்ன பிடிக்கும்?"னு கேட்டா. பையில இருந்த கருப்பு கோட்டு பட்டன் ரெண்டை எடுத்துக் கொடுத்தேன். அவன்கிட்ட ஒண்ணைக் கொடுத்துட்டு, அதே மாதிரி இன்னொண்ணை வெள்ளைத் தாள்ல வச்சுக் காட்டினா. "இருக்கா?" "இருக்கு." கொஞ்சம் பின்னாடி போனா. "இருக்கா?" "இருக்கு." இன்னும் கொஞ்சம். "பட்டன் போச்சு"ன்னான். நாலடி தள்ளி எழுந்து நின்னு, "அண்ணா, நான் இருக்கேனா?"ன்னு கேட்டா. அவன் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பி, என்கிட்ட மெதுவா, "போய்ட்டா ண்ணா"ன்னான்.

அவ எதிர்லயே நிக்கறா செல்வா. மஞ்சள் சுடிதார்.

பெரிய டாக்டர் சொன்னது: பிறந்ததுலேர்ந்தே தூரத்துப் பார்வை கிடையாது. இப்ப மேல ரெண்டு கண்ணுலயும் புரை, வலது கண்ணுல முத்திடுச்சு. ஆபரேஷன் பண்ணலாம். ஆனா ஏழெட்டு வயசுலயே கண்ணாடி போட்டிருந்தா வேற மாதிரி இருந்திருக்கும், இனிமே முழுசா வராதுன்னாரு. பளபளன்னு வெள்ளை டைல்ஸ் போட்ட வீட்ல படி எங்கே முடியுதுன்னு அவனுக்குத் தெரிய வாய்ப்பே இல்லையாம். அந்த டைல்ஸை நான்தான் தேடித் தேடி வாங்கினேன்.

இல்லத்துல தை முடியப் போகுதேன்னு கேட்டாங்க. இன்னும் ரெண்டு மாசம் பொறுக்கச் சொல்லியிருக்கேன். ஆபரேஷனுக்குப் பிறகும் இப்படியேதான்னா சுமலதாவுக்கு நான் என்ன பதில் சொல்றது? உன்கிட்ட மறைக்கல.

கன்னியப்பன்

துலூஸ்,
24 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். ஆபரேஷன் தேதி தெரிஞ்சதும் எழுது. மயக்க மருந்து கொடுக்கறதுக்கு முன்னாடி அவன் கையில பழைய உறை ஒண்ணைக் கொடுத்து வை. பயப்பட மாட்டான்.

நாலடின்னு எழுதியிருந்தியே. அதுக்குப் பிறகு வேலையே ஓடல. உங்க மாப்பிள்ளை சாப்பாட்டு மேசையில உக்காந்திருக்கும்போது நாலடி தள்ளி நின்னு பார்த்தேன். அவருக்கு மூக்கு இருக்கு, மீசை இருக்கு. அதுக்கு மேல போனா மனுஷனே இல்லன்னா எப்படி இருக்கும்?

ஒண்ணு கேக்கணும். 1990-ல நான் இங்கே கிளம்பின அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு நீயும் தணிகாவும் வந்தீங்க. நான் மெட்ராஸ் பஸ்ஸுல ஏறி ஜன்னல்ல கையாட்டினேன். அவன் எனக்கு முதுகைக் காட்டிட்டு நின்னான். கை தொங்கிட்டு இருந்தது. பஸ்ஸு வெளியே போற வரைக்கும் திரும்பவே இல்ல. விட்டுட்டுப் போறேன்னு கோபம்னு நினைச்சேன். அந்த முதுகை மறுபடியும் பார்க்க முடியாதுன்னுதான், அப்புறம் வந்தப்பல்லாம் அவன் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே கிளம்பிப் போனேன். அண்ணிகூட ஒரு தடவை, "இன்னா செல்வா, திருடி மாதிரி போற"ன்னு கேட்டாங்க.

அன்னிக்கு அவன் எதைப் பார்த்துட்டு நின்னான்னு உனக்கு ஞாபகம் இருக்கா?

செல்வா

புதுச்சேரி,
7 ஏப்ரல் 2025

அன்புத் தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும்,

எல்லாரும் சௌக்கியம். நல்ல சேதி.

மயக்க மருந்து ரெண்டு தடவை வேணாம்னு ரெண்டு கண்ணையும் ஒரே நாள்ல முடிச்சுட்டாங்க. லாவண்டர் உறை கையில இருந்தது. நர்ஸ் பிடுங்கப் பார்த்தா, விடல. கட்டைப் பிரிக்கிற வரைக்கும் நானும் உன் அண்ணியும் அவன் கையை மாத்தி மாத்திப் பிடிச்சுட்டு இருந்தோம். கண்ணைத் தேய்ச்சுடுவானோன்னு பயம்.

மூணு வாரம் கழிச்சு கண்ணாடி வந்தது. போட்டுவிட்டேன். என்னை ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் கேக்கறான்: "ண்ணா, உன் முடி எங்க?" உன் அண்ணி சிரிச்ச சிரிப்புல ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்துச்சு.

மொட்டைமாடிக்குக் கூட்டிட்டுப் போனேன். கம்பியில உக்காந்திருந்ததைக் காட்டி, "அது இன்னா?"ன்னான். "காக்காடா." "இல்ல. காக்கா கத்தும்." அது கத்தற வரைக்கும் ஒத்துக்கவே இல்ல. ஐம்பத்து மூணு வருஷமா காக்கான்னா அவனுக்கு சத்தம் மட்டும்தான் போல.

சிந்துஜா சொன்னபடி படி விளிம்புல மஞ்சள் டேப்பு ஒட்டியிருக்கேன். வெள்ளைத் தட்டுல வெள்ளைச் சோறு தெரியாதுன்னு நீலத் தட்டு வாங்கினேன். வலது பக்கமும் காலியாகுது. பத்தடியில நிக்கறது யாருன்னு சொல்றான். அதுக்கு மேல மங்கல்தான், அது மாறாதாம். பேரனை ரெண்டடி முன்னாடியே பார்த்து ஒதுங்கிப் போறான். சுமலதா நேத்து அவன்கிட்ட காப்பி டம்ளரைக் கொடுத்து, "மாமா, இதை அத்தைக்குக் கொண்டு போங்க"ன்னு அனுப்பினா. நான் பேப்பருக்குப் பின்னால ஒளிஞ்சு பார்த்தேன். ஒரு சொட்டு சிந்தல.

காலாப்பட்டுக்குப் போன் பண்ணி, அந்த இடத்தை வேற யாருக்காவது கொடுங்கன்னு சொல்லிட்டேன். படிவத்தைக் கிழிச்சுடு. அவன் மறுபடியும் கடைக்கு வர்றான். கலர் பிரிக்கிற வேலை மட்டும் கொடுக்கறதில்ல.

கன்னியப்பன்

துலூஸ்,
2 மே 2025

அன்புள்ள அண்ணா, அண்ணி, தணிகாவுக்கு,

உங்க எல்லாருக்கும் கோடி புண்ணியம். "முடி எங்க"ன்னு கேட்டதைச் சொல்லி இவரும் நானும் வயிறு வலிக்கச் சிரிச்சோம். சிரிச்சுட்டு இவர் கண்ணைத் துடைச்சாரு, நான் கண்டுக்காத மாதிரி இருந்தேன்.

ஆகஸ்ட் மாசம் நான் மட்டும் வர்றேன். ஒரு மாசம் இருப்பேன்.

அண்ணா, நான் கேட்ட ஒண்ணுக்கு மட்டும் உன்கிட்டேர்ந்து பதில் வரல. எதையும் மறந்து விட்டுட்டுப் போற ஆளு இல்ல நீ. திரும்பக் கேக்க மாட்டேன்.

செல்வா

புதுச்சேரி,
26 மே 2025

அன்புத் தங்கச்சி செல்வாம்பாளுக்கு,

கத்திரி வெயில் கொளுத்துது, மத்தபடி எல்லாரும் நலம். நீ வர்ற சேதியைச் சொன்னதுலேர்ந்து தணிகா தினமும், "அக்கா இன்னிக்கா?"ன்னு கேட்டு உயிரை எடுக்கறான்.

இதைக் கடையில உக்காந்து எழுதறேன். இது அவனுக்கு வாசிக்க இல்ல.

அன்னிக்கு அவன் எதைப் பார்த்தான்னு கேட்ட. எனக்கு நேத்து நடந்த மாதிரி ஞாபகம் இருக்கு. நீ அவன் கன்னத்தைப் பிடிச்சுக் கொஞ்சிட்டு மெட்ராஸ் பஸ்ஸுல ஏறின. நாலடி தாண்டினதும் நீ அவனுக்குப் போய்ட்ட. இந்தப் பக்கம் நின்ன விழுப்புரம் பஸ்ஸு அப்பதான் இன்ஜினைப் போட்டு உறுமிச்சு. நீ அதுலதான் இருக்கேன்னு நினைச்சுட்டான். அந்தப் பக்கம் திரும்பி ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினான். "அக்கா, போய்ட்டு வா! செல்வாக்கா, போய்ட்டு வா!" தொண்டை கிழியக் கத்தினான். ரெண்டு பஸ்ஸு இரைச்சல்ல உனக்குக் கேட்டிருக்காது. விழுப்புரம் பஸ்ஸுல இருந்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க. ஒருத்தன் எழுந்து நின்னு அவனை மாதிரியே ஆட்டிக் காட்டினான்.

எனக்கு மானம் போச்சு. அவன் ரெண்டு கையையும் பிடிச்சுக் கீழே இழுத்து, "சும்மா நில்லுடா"ன்னு சொல்லி அழுத்திப் பிடிச்சுக்கிட்டேன். நீ திரும்பிப் பார்த்தது அப்பதான். நீ பார்த்த கையைத் தொங்கவிட்டது நான்.

முப்பத்தஞ்சு வருஷம். அவன் கோபப்படவே இல்ல செல்வா. நீ சொல்லாம கிளம்பிப் போன காலையிலெல்லாம் ஒவ்வொரு ரூமா போய்க் கையால தடவித் தேடுவான். நான் உன்னைக் கல்நெஞ்சக்காரின்னு திட்டிட்டு இருந்தேன்.

இனிமே நீ அப்படிக் கிளம்பக் கூடாது. வரும்போதும் மெட்ராஸ்லேர்ந்து டாக்ஸி பிடிக்காதே, பஸ்ஸுல வா. நாளை மட்டும் எழுது. எத்தனை மணி பஸ்ஸு, எந்தப் பக்கம் ஜன்னல்னு எனக்கு எழுதாதே. தெரிஞ்சா என் விரல் தானா நீண்டுடும். அன்னிக்குக் காலையிலேர்ந்தே கடையை மூடிட்டு ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுல நிக்கறோம். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுவிடறேன். அவனே உன்னைக் கண்டுபிடிக்கட்டும்.

தப்பா விழுப்புரம் பஸ்ஸுக்கே கையாட்டினாலும் ஆட்டட்டும். இந்தத் தடவை பக்கத்துல நின்னு நானும் ஆட்டறேன்.

உன் அண்ணன்,
கன்னியப்பன்